அந்தப் ‘பிறர்’ யார்?



கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் அணைத்துவிட்டு வந்து படியுங்கள்.

1996-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பெண் இப்போது முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறாள். போன வாரம் போனில் அலுத்துக்கொண்டாள். “டீச்சர், எழுதுற நேரத்தைவிட அடிக்குறிப்புப் போடுற நேரம்தான் ஜாஸ்தியா இருக்கு. எந்த நூல், எந்தப் பதிப்பு, எந்த வருஷம், எந்தப் பக்கம்னு ஒவ்வொண்ணுக்கும் எழுதணும். இதையெல்லாம் யார் டீச்சர் படிக்கப் போறா?”

நியாயமான கேள்விதான். விதி இருக்கிறது, அதனால் போடு என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பதில் ஆகாது. உண்மையான பதில் நம் தமிழ் நூல்களின் வரலாற்றிலேயே இருக்கிறது. அதை அவள் ஒருத்திக்கு மட்டும் சொல்வானேன் என்றுதான் இங்கே எழுதுகிறேன். உங்களில் பலர் கல்லூரியில் பாடம் நடத்துகிறீர்கள், சிலர் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறீர்கள். எல்லோருமே வாட்ஸ்அப்பில் ஏதாவது ஒன்றைத் தினமும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஆகவே இது எல்லோருக்கும் பொது.

முதலில் ஒரு விஷயம். ஆதாரம் காட்டுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தொல்காப்பியத்தைப் பிரித்தால் ‘என்ப’, ‘என்மனார் புலவர்’ என்று திரும்பத் திரும்ப வரும். இது நானாகச் சொல்வதல்ல, எனக்கு முன்னால் இருந்த அறிஞர்கள் சொன்னது என்று அந்த ஆசிரியர் ஒதுங்கி நின்று சொல்கிறார். தனக்கு முன்னோர் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் பண்பு அது. ஆனால் அந்தப் புலவர்கள் யார் யார் என்று பெயர் சொல்லவில்லை. அதனால் தொல்காப்பியத்துக்கு முன்பு தமிழில் இலக்கண நூல்கள் இருந்தன என்பது மட்டும் நமக்குத் தெரிகிறது. அவை எவை, எழுதியவர் எவர் என்று அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு நேர்மாறாக இன்னொரு நூல். இறையனார் அகப்பொருளுக்கு ஓர் உரை இருக்கிறது. அது நக்கீரர் உரை என்று வழங்குகிறது. நெடுங்காலம் வாய்மொழியாகவே வந்து பிறகு எழுதப்பட்டது. அந்த உரை நடந்து வந்த வழியை அந்த நூலே சொல்கிறது. நக்கீரர் தம் மகன் கீரவி கொற்றனாருக்குச் சொன்னார், அவர் தேனூர் கிழாருக்குச் சொன்னார், அவர் அடுத்தவருக்குச் சொன்னார் என்று ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை வந்து நிற்கிறது. இந்த வரிசை வரலாற்றுக்குப் பொருந்துமா என்று அறிஞர்கள் கேள்வி எழுப்புகிறார்கள். இருக்கட்டும். கேள்வி எழுப்ப முடிகிறது அல்லவா, அதுதான் முக்கியம். பெயரும் ஊரும் சொல்லியிருப்பதால்தான் சரிபார்க்க ஒரு பிடி கிடைக்கிறது. அச்சு இல்லாத காலத்தில், ‘இது எனக்கு எப்படி வந்தது’ என்று சொல்ல வேண்டும் என ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதைப் பாராட்ட வேண்டும்.

இப்போது நச்சினார்க்கினியருக்கு வருவோம். தொல்காப்பியம், பத்துப்பாட்டு, கலித்தொகை, சீவக சிந்தாமணி எல்லாவற்றுக்கும் உரை எழுதிய பேராசான். கடல் போன்ற படிப்பு. ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது இன்னொரு நூலிலிருந்து ஒரு வரியைத் தூக்கிப் போடுவார். போட்டுவிட்டு, ‘என்றார் பிறரும்’ என்று முடித்துவிடுவார். மற்றவரும் இப்படிச் சொல்லியிருக்கிறார் என்று பொருள். எந்த மற்றவர்? எந்த நூலில்? பல இடங்களில் சொல்வதே இல்லை.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் காலத்தில் பாடம் கேட்டவர்களுக்கு அந்த நூல்கள் மனப்பாடம். வரியைச் சொன்னாலே எந்த நூல் என்று தெரிந்துவிடும். நம் வீட்டில் பெரியவர்கள் பழமொழியின் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்துவார்களே, அதுபோல. மீதி கேட்பவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை. ஆனால் காலம் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றவில்லை. சில நூறு ஆண்டுகள் கழித்து அந்த நூல்களைப் படிப்பாரே இல்லாமல் போனார்கள். மேற்கோள் இருந்தது, அது எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்ல ஆள் இல்லை.

அந்தத் துன்பம் முழுவதும் வந்து விழுந்தது ஒருவர் தலையில். உ.வே. சாமிநாதையர்.

1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த அவரிடம், அங்கே முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார் சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்ட கதை உங்களுக்குத் தெரியும், பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அதன் பிறகு நடந்ததைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. சிந்தாமணி ஏடுகளைக் கையில் எடுத்தவருக்கு முதலில் எது செய்யுள், எது உரை என்று பிரிப்பதே பெரும்பாடு. ஏட்டில் இடைவெளி கிடையாது, புள்ளி கிடையாது, பக்க எண் கிடையாது. உரைக்குள் மேற்கோள் வேறு. அந்த மேற்கோளுக்கு ‘என்றார் பிறரும்’ என்பதைத் தவிர வேறு அடையாளம் இல்லை. பெயரையாவது சொல்லியிருந்தால் அந்த நூலைத் தேடிப் போகலாமே என்று அவர் பட்ட தவிப்பைத் தம் ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பிறர் யாரென்றே தெரியாமல் அவர் கழித்த இரவுகள் எத்தனையோ!

பிறகு திருவாவடுதுறை மடத்து ஏடுகளுக்கு நடுவே பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் கண்ணில் படத் தொடங்கின. அவற்றைப் படிக்கப் படிக்க, அட, இது நச்சினார்க்கினியர் சொன்ன வரி அல்லவா, இது இந்த நூலிலிருந்து வந்ததா என்று ஒவ்வொன்றாக வீடு தெரிந்தது. 1887-ல் சிந்தாமணி அச்சாகி வந்தபோது அவருக்கு 32 வயது. தொடர்ந்து 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு. ஒரு நூலின் மேற்கோள்களைப் புரிந்துகொள்ளத் தேடப்போய் அடுத்த நூல், அதைப் புரிந்துகொள்ள அதற்கடுத்தது. சங்க இலக்கியம் நமக்குத் திரும்பக் கிடைத்த கதையில், பெயர் சொல்லாத மேற்கோள்களைத் துரத்திய கதைதான் பெரும்பகுதி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தாம் பட்ட பாட்டை அடுத்தவர் படக்கூடாது என்று ஐயர் நினைத்தார். எந்த ஊரில், யாரிடமிருந்து ஏட்டுப் பிரதி கிடைத்தது என்று முகவுரையில் எழுதினார். ஒரு பிரதியில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் பாடம் இருந்தால், ‘பிரதிபேதம்’ என்று பக்கத்தின் அடியில் இரண்டையும் கொடுத்தார். உரையாசிரியர் காட்டிய மேற்கோள் எந்த நூலில் எந்த இடத்தில் வருகிறது என்று தேடிக் குறித்தார். தேடியும் கிடைக்காதவற்றை மறைத்துவிடவில்லை. விளங்கா மேற்கோள் என்று தனியே அகராதியாகத் தொகுத்து அச்சிட்டார். இதற்கு இடம் தெரியவில்லை, தெரிந்தவர் சொல்லுங்கள் என்று பின்னால் வருகிறவனிடம் கொடுத்துவிட்டுப் போவது போன்றது அது. ஆராய்ச்சி நேர்மை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்த அகராதியைத்தான் காட்டுவேன்.

மேற்கோளில் பெயர் சொல்லியிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், இசைக்கும் கூத்துக்கும் தாம் எந்தெந்த நூல்களைத் துணையாகக் கொண்டார் என்று பட்டியலே தருகிறார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் என ஐந்து. இவை எல்லாம் அழிந்தன என்றே தமிழறிஞர்கள் வெகுகாலம் நம்பினார்கள். பிறகு அறிவனார் இயற்றிய பஞ்சமரபின் ஏடு கிடைத்து, 1970-களில் அச்சேறியது. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் உரையாசிரியர் பெயரைச் சொல்லி மேற்கோள் காட்டியிருந்ததால்தான், கையில் கிடைத்தது எத்தகைய புதையல் என்று தெரிந்தது. இல்லாவிட்டால் ஏதோ ஒரு பழைய இசைப் பாட்டு ஏடு என்று பரணில் கிடந்திருக்கும்.

இன்னும் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஐம்பெருங்காப்பியங்களில் குண்டலகேசி பௌத்த நூல். அது முழுதாகக் கிடைக்கவில்லை, 19 பாடல்கள்தான் மிச்சம் என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்த நூலை மறுப்பதற்காகவே சமணர்கள் எழுதியது நீலகேசி. நீலகேசிக்கு உரை எழுதிய சமண முனிவர், தாம் மறுக்கும் குண்டலகேசிப் பாடல்களை எடுத்துக் காட்டிவிட்டுத்தான் மறுக்கிறார். இன்றைக்குக் குண்டலகேசியில் என்ன வாதம் இருந்தது என்று தெரிந்துகொள்ள நாம் அந்த எதிராளி வீட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. எதிர்க்கட்சிக்காரர் சொன்னதை மாற்றாமல் திரிக்காமல் சொல்லிவிட்டு மறுக்கும் பண்பு, அந்த நூலின் துண்டுகளையும் காப்பாற்றியிருக்கிறது. இன்று தொலைக்காட்சி விவாதத்தில் உட்காருகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

அதுபோலப் புறத்திரட்டு என்று ஒரு பழைய தொகை நூல். பல நூல்களிலிருந்து பாடல்களை எடுத்து, தலைப்புவாரியாக அடுக்கி, எந்த நூலிலிருந்து எடுத்தது என்று பெயரும் குறித்து வைத்தார் ஒருவர். மூல நூல்கள் பல அழிந்தன. திரட்டு பிழைத்தது. மூவேந்தரைப் பாடும் முத்தொள்ளாயிரத்தில் இன்று நாம் ரசிக்கும் நூற்றுச் சொச்சம் வெண்பாக்கள் அந்தத் திரட்டின் வழியாக வந்தவை. தகடூர் யாத்திரை, வளையாபதிப் பாடல்களில் பெரும்பகுதியும் அப்படியே. வேடிக்கை என்னவென்றால், எல்லா நூல்களின் பெயரையும் எழுதிய அந்தத் தொகுப்பாளர் தம் பெயரை எழுதவில்லை. அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. எந்த ஊராக இருந்தால் என்ன, கும்பிடத் தோன்றுகிறது.

இப்படிச் சிதறிக் கிடந்த பெயர்களையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தவர் ஒருவர் இருக்கிறார். மயிலை சீனி. வேங்கடசாமி (1900–1980). அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். சென்னையில் நகராட்சிப் பள்ளி ஆசிரியர். நம்மைப் போலப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தவர். 1959-ல் ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். யாப்பருங்கல விருத்தி போன்ற உரைகளில் பெயர் மட்டும் வருகிற நூல்கள், ஒன்றிரண்டு பாட்டு மட்டும் மேற்கோளாக மிஞ்சியிருக்கிற நூல்கள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, இந்த நூல் இருந்தது, இதை இன்னார் இன்ன உரையில் குறிப்பிடுகிறார், இதில் மிஞ்சியிருப்பது இவ்வளவு என்று எழுதி வைத்தார். நம் மொழி இழந்த சொத்தின் பட்டியல் அது. யோசித்துப் பாருங்கள், அந்தப் பட்டியல் முழுக்க முழுக்கப் பழைய மேற்கோள்களை வைத்தே உருவானது. பெயர் சொல்லிய ஒவ்வொரு உரையாசிரியரும் அதில் ஒரு வரியாவது கொடுத்திருக்கிறார். ‘என்றார் பிறரும்’ என்று முடித்த இடங்களிலிருந்து அவருக்கு ஒரு நூற்பெயரும் கிடைத்திருக்காது.

ஆகவே, இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்ற கேள்விக்கு என் பதில்: இன்றைக்கு ஒருவரும் படிக்காமல் போகலாம். உங்கள் வழிகாட்டிகூட ஓரக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம். ஐம்பது வருஷம் கழித்து, நீங்கள் பார்த்த புத்தகம் கிடைக்காத ஒரு காலத்தில் ஒருவர் வருவார். அவருக்காக எழுதுவது அது.

இனி மேலைநாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் போடுகிற அடிக்குறிப்பு வடிவங்கள் அங்கிருந்து வந்தவை. 1776-ல் எட்வர்ட் கிப்பன் ரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றிய நூலின் முதல் பகுதியை வெளியிட்டபோது குறிப்புகளைக் கடைசியில் வைத்திருந்தார். டேவிட் ஹியூம் அதைப் படித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் பின்பக்கம் புரட்ட வேண்டியிருக்கிறது, அந்தந்தப் பக்கத்திலேயே போடக்கூடாதா என்று கேட்டார். பிந்திய பதிப்புகளில் குறிப்புகள் அடிக்கு வந்தன. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போடுகிறோமே, அதற்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது 1881-ல் ஹார்வர்டு விலங்கியல் அறிஞர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் எழுதிய கட்டுரை. ஓடில்லாத நத்தையின் முட்டையைப் பற்றிய கட்டுரை அது! சிகாகோ கையேடு 1906-ல் வந்தது. ஏபிஏ முறை 1929-ல் வெறும் ஏழு பக்கக் கட்டுரையாகத்தான் பிறந்தது. இவையெல்லாம் வேறு வேறு சட்டைகள். உள்ளே இருக்கிற உடம்பு ஒன்றுதான்: யார் சொன்னது, எதில் சொன்னது, எப்போது, எந்த இடத்தில்.

சரி, ஆதாரம் கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? அதற்கு நம் குடும்பக் குழுவுக்கே வருகிறேன். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

வருஷத்துக்கு இரண்டு முறையாவது ஒரு செய்தி வரும். மெக்காலே படத்தோடு, 1835 பிப்ரவரி 2-ஆம் தேதி அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாக. இந்தியா முழுவதும் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை, இவர்களுடைய கல்வியை ஒழித்தால்தான் இவர்களை அடிமைப்படுத்த முடியும் என்ற கருத்தில் இருக்கும். படித்தால் ரத்தம் கொதிக்கும். உடனே இன்னும் நான்கு குழுவுக்கு அனுப்பிவிடுவோம்.

கொதிப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள். மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கினார். அங்கிருந்து ஊட்டிக்குப் போய் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபுவைச் சந்தித்தார். பிறகு கல்கத்தா போனார். 1838 வரை இந்தியாவில்தான் இருந்தார். 1835 பிப்ரவரி 2 அன்று அவர் கல்கத்தாவில் இருந்தார். கல்வி பற்றிய அவருடைய பிரபலமான குறிப்புரை அந்தத் தேதியிட்டதுதான். கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்ய வேண்டிய காலத்தில், கல்கத்தாவில் கையெழுத்துப் போட்ட அதே நாளில் லண்டனில் எப்படிப் பேசியிருக்க முடியும்? உண்மையான குறிப்புரையைத் தேடிப் படித்தால் அந்தப் பேச்சு அதில் எங்கும் இல்லை.

அதற்காக மெக்காலே நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் உண்மையில் எழுதியது போதுமான அளவுக்குக் கசப்பானது. ஒரு நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றை அலமாரித் தட்டு, இந்திய, அரபு இலக்கியம் முழுவதற்கும் ஈடு என்று எழுதினார். அதே இடத்தில், தமக்குச் சமஸ்கிருதமும் தெரியாது அரபியும் தெரியாது, மொழிபெயர்ப்புகளைப் படித்ததையும் அறிஞர்களிடம் பேசியதையும் வைத்துச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறார். எந்த அறிஞர்கள்? கீழைநாட்டு மொழி கற்றவர்களில் ஒருவர்கூட இதை மறுக்கவில்லை என்கிறார், பெயர் சொல்லவில்லை. அவருடைய ‘பிறர்’ அவர்கள்! ஒரு நாட்டின் பள்ளிக்கூடங்களையே மாற்றியமைத்த வாதம், மூல நூலைப் படிக்காமல், பெயர் சொல்லாத சாட்சிகளை வைத்து எழுதப்பட்டது. வரலாறு படிக்கும் பிள்ளைகள் விவாதிக்க வேண்டியது இதைத்தான். ஆனால் நாம் போலிப் பேச்சை அனுப்பிக்கொண்டிருக்கிறோம். போலி என்று எதிரில் இருப்பவர் நிரூபித்துவிட்டால், நம் உண்மையான குறையும் சேர்ந்து அடிபட்டுப் போகும். நமக்குப் பிடித்த செய்தியாக இருந்தால்தான் இரண்டு மடங்கு சோதிக்க வேண்டும்.

சிறிய அளவிலும் இது நடக்கிறது. பக்கத்து ஊர் ஒன்றில் கும்பாபிஷேக மலர் ஒன்றைப் பார்த்தேன். இந்தக் கோயில் இராசராச சோழன் கட்டியது என ‘வரலாற்று ஆசிரியர்கள் கூறுகின்றனர்’ என்று போட்டிருந்தது. எந்த ஆசிரியர் என்று இல்லை. அடுத்த விழாவின் மலர், முதல் மலரை ஆதாரம் காட்டியது. பிறகு ஒரு ஆன்மிக இதழில் அந்த இரண்டாவது மலரை வைத்துக் கட்டுரை. இப்போது ஊரில் கேட்டால் மூன்று ஆதாரம் இருக்கிறது என்பார்கள். மூன்றும் ஒரே ஆள் சொன்னதுதான், அவரும் யாரென்று தெரியாது. இதற்கு நடுவில், நிஜ ஆதாரம் அந்தக் கோயில் சுவரிலேயே கல்வெட்டாக இருக்கிறது, அதன் மேல் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள்.

ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறைகள் கொண்டுவந்தது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் உரிய முறையில் பெயர் சொல்லி எடுத்தாண்ட மேற்கோள்கள் இந்தக் கணக்கில் சேராது. பெயர் சொன்னால் கடன், சொல்லாவிட்டால் களவு. அவ்வளவுதான் வித்தியாசம்.

செயற்கை நுண்ணறிவைக் கேட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த ஆறு வழக்குகளை முன்னுதாரணம் என்று காட்டினார்கள். பெயர், ஆண்டு, எண் எல்லாம் கச்சிதம். ஆனால் அப்படி வழக்குகளே கிடையாது. 5,000 டாலர் அபராதம் விழுந்தது. பெயர் சொல்லாத மேற்கோளைவிட மோசமானது, இல்லாத பெயரைச் சொல்லும் மேற்கோள். முன்னது வழியைக் காட்டாமல் விடும், பின்னது குழியில் தள்ளும்.

டீச்சர் என்றால் கடைசியில் வீட்டுப்பாடம் இருக்கத்தானே செய்யும்? தமிழில் ஆய்வு செய்கிறவர்களுக்கு நான்கு விஷயம்.

ஒன்று, கண்ணால் பார்த்ததை மட்டும் பார்த்தேன் என்று எழுதுங்கள். ஒரு கல்வெட்டு வாசகத்தை வேறொருவர் புத்தகத்தில் படித்திருந்தால், அந்தப் புத்தகத்தின் வழியாகப் படித்தேன் என்று சொல்லுங்கள். கல்வெட்டைத் தொட்டுப் பார்த்தது போல எழுதாதீர்கள். இடையில் இருந்தவர் தவறாகப் படித்திருந்தால் அந்தத் தவறு உங்கள் பெயரில் ஏறிவிடும்.

இரண்டு, சங்கப் பாடலுக்கும் குறளுக்கும் பாட்டு எண் கொடுங்கள். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், பாட்டு எண் நிலைக்கும். ஆனால் உரையை எடுத்தாண்டால் எவருடைய உரை, எவர் பதிப்பு, எந்தப் பக்கம் என்று கட்டாயம் சொல்ல வேண்டும்.

மூன்று, நம் பதிப்பகங்கள் பழைய நூலை மறுபடி அச்சிடும்போது புது ஆண்டை மட்டும் போட்டுவிடுவதுண்டு. அதை அப்படியே எழுதினால், 1940-ல் சொன்ன கருத்து 2010-ல் சொன்னது போல ஆகிவிடும். யார் முதலில் சொன்னார் என்ற வரலாறே தலைகீழாகும். முதற்பதிப்பு ஆண்டையும் தேடிப் போடுங்கள்.

நான்கு, குறிப்பு எடுக்கும்போதே நூற்பெயரையும் பக்கத்தையும் எழுதிவிடுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த அப்புறம் ஆய்வேடு கொடுக்கும் முதல்நாள் ராத்திரிதான் வரும்.

ஆராய்ச்சியோடு சம்பந்தம் இல்லாத உறவுகளுக்கும் வேலை இருக்கிறது. நம் வீடுகளில் பீரோவுக்குள் பழைய போட்டோக்கள் கிடக்கின்றன. கல்யாண வீட்டில் வரிசையாக நின்று எடுத்த படம். பெரியம்மாவுக்கும் சின்னத் தாத்தாவுக்கும் அதில் இருப்பவர்கள் எல்லோரையும் தெரியும். அவர்களுக்குப் பிறகு, நடுவில் நிற்கிற நான்கு பேரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் நமக்கு ‘பிறர்’தான். இந்த வாரமே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் பெயரை எழுதுங்கள். எந்த ஊர், எந்த வருஷம், யார் கல்யாணம் என்று எழுதுங்கள். கீழே, இந்தத் தகவலைச் சொன்னவர் யார், எழுதியவர் யார் என்றும் மறக்காமல் எழுதுங்கள்.

நான் எழுதியதில் எங்காவது பிழை இருந்தால் கருத்தில் சொல்லுங்கள். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்